கோகோபீட் பையில் பிஎச் எத்தனை முறை இறக்கினாலும் ஏறிவிடுகிறது, துளிர் எல்லாம் மஞ்சள்

தக்காளிப்பந்தல்:
பெரும்பாக்கம் அபார்ட்மெண்ட் மொட்டை மாடியில் தக்காளியும் குடைமிளகாயும் வைத்திருக்கிறேன். மண் கிடையாது, எல்லாமே கோகோபீட் (தேங்காய் நார்த்தூள்) பை. உரம் என்று பார்த்தால் கால்சியம் நைட்ரேட், 19:19:19 (தழை, மணி, சாம்பல் சத்து சமமாக உள்ள உரம்), எப்சம் உப்பு (மக்னீசியம் சல்பேட்), அவ்வப்போது நுண்ணூட்டக் கலவை. குழாயில் வருவது போர் தண்ணீர், பிஎச் (அமில-காரத் தன்மையின் அளவு) 8.1 காட்டுகிறது. சிட்ரிக் ஆசிட் போட்டு 5.8-க்கு இறக்கித்தான் ஊற்றுகிறேன். ஆனால் பைக்கு அடியில் வடிவதைப் பிடித்துப் பார்த்தால் 7.6, சில பைகளில் 7.8. இன்னும் ஆசிட் கூட்டி 5.2-க்கு ஊற்றினால் கொஞ்சம் இறங்குவது போல இருக்கும், அப்புறம் பழைய இடத்துக்கே வந்துவிடும். புதுத் துளிர் முழுக்க மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. தக்காளிக் காயின் அடியில் கறுப்பு வட்டம் வேறு. மீட்டர் பொய் சொல்கிறதா, கோகோபீட் மட்டமா, என்ன செய்யலாம்? கத்திரி வெயில் வருவதற்குள் செடி தேறினால்தான் உண்டு.

கீரைக்கட்டு:
முதலில் அந்த மீட்டரைத் தூக்கிப் போடுங்கள். எங்கள் மாமியார் நாற்பது வருடமாகத் தோட்டம் போடுகிறார், பிஎச் என்றால் என்னவென்றே தெரியாது, கத்தரிக்காய் கொத்துக் கொத்தாகக் காய்க்கிறது. புளித்த மோரும் மீன் அமிலமும் ஊற்றுங்கள், எல்லாம் சரியாகிவிடும்.

மாடிராணி:
கீரைக்கட்டு, உங்கள் மாமியார் மண்ணில் வளர்க்கிறார், கூடவே மட்கிய சாணம். களிமண்ணும் மட்கும் தண்ணீரில் வருகிற கோளாறைக் கொஞ்ச நாளைக்கு வாங்கி வைத்துக்கொள்ளும். கோகோபீட்டுக்கு அந்தத் தாங்கும் சக்தி குறைவு, நீங்கள் ஊற்றுவதுதான் வேருக்குக் கிடைக்கும். நங்கநல்லூரில் நானும் இரண்டு விதமாகவும் வைத்திருக்கிறேன், ஒரே போர் தண்ணீர், மண் தொட்டியில் மிளகாய் ஜம்மென்று நிற்கும், கோகோபீட் பையில் வெளுத்துப் போகும்.

தம்பி, மீட்டரை எப்போது கடைசியாகச் சரிபார்த்தீர்கள்? பேனா மாதிரி இருக்கும் மீட்டரா, மண்ணில் குத்தும் மூன்று பயன் கருவியா? இரண்டாவது என்றால் அதைப் பற்றிப் பேசவே வேண்டாம், அந்த உலோகக் கம்பி கோகோபீட்டில் சும்மா ஏதோ ஒரு எண்ணைக் காட்டும்.

தக்காளிப்பந்தல்:
பேனா மீட்டர்தான் அக்கா. வாங்கும்போது கூட வந்த 4.00, 6.86 பொடியைக் கரைத்து இன்று மறுபடி சரிபார்த்தேன். 6.86-ல் 6.9 காட்டுகிறது. அவ்வளவு மோசமில்லை.

மாடிராணி:
அப்படியானால் மீட்டர் பிழைத்தது. முனையை உலரவிடாதீர்கள், மூடிக்குள் பொட்டாசியம் குளோரைடு கரைசல் இரண்டு சொட்டு இருக்க வேண்டும். டிஸ்டில்ட் வாட்டரில் ஊறவைத்தால் முனை சீக்கிரம் செத்துவிடும், பலர் நல்லது என்று நினைத்து அதைத்தான் செய்கிறார்கள்.

வடிநீரை எப்படிப் பிடிக்கிறீர்கள்? தட்டில் ராத்திரி முழுக்க நின்ற தண்ணீரை அளந்தால் பயனில்லை. காலையில் எப்போதும் போல உரநீர் ஊற்றுங்கள், முக்கால் மணி நேரம் அப்படியே விடுங்கள், அப்புறம் டிஸ்டில்ட் வாட்டரையோ ஆர்ஓ தண்ணீரையோ மேலே மெதுவாக, பை முழுக்கப் பரவும்படி ஊற்றி, அடியில் முதலில் வரும் 50 மில்லியை மட்டும் சுத்தமான டம்ளரில் பிடியுங்கள். வேரைச் சுற்றி ஏற்கெனவே இருந்த நீரைத்தான் அது தள்ளிக்கொண்டு வரும். அதற்கு மேல் ஊற்றினால் நீங்கள் ஊற்றியதே கீழே வரும், அளவு தப்பிவிடும். பிஎச்சோடு ஈசியும் (கரைந்திருக்கும் உப்பைக் காட்டும் மின்கடத்துதிறன்) பாருங்கள், ஒன்றை மட்டும் வைத்து எதுவும் சொல்ல முடியாது.

நைட்ஷிப்ட்:
ப்ரோ, 5.8 என்ற எண்ணை எங்கே எடுத்தீர்கள்? வெளிநாட்டு சார்ட்களில் பார்த்தேன், கோகோபீட்டுக்கு 5.8 என்று இருப்பதெல்லாம் பெரும்பாலும் கஞ்சா வளர்ப்பவர்கள் போட்டது. தக்காளிக்கு அது பொருந்துமா? நம் ஊரில் அதையும் அப்படியே…

மட்டுறுத்துநர்:
அந்த வாக்கியத்தை அங்கேயே நிறுத்திக்கொள்வோம். 1985-ஆம் வருட போதைப்பொருள் தடுப்புச் சட்டப்படி கஞ்சாச் செடி வளர்ப்பது பத்து வருடம் வரை சிறைக்குக் கொண்டுபோகும் குற்றம், மாடியில் ஒரே ஒரு தொட்டி என்றாலும் சரி. இங்கே தக்காளி, குடைமிளகாய், வெள்ளரி, பூச்செடி. பிஎச் எண்ணைப் பற்றிய கேள்வி நியாயமானது, அதற்கு யாராவது பதில் சொல்லுங்கள்.

வேதியியல்_வாத்தியார்:
மயிலாப்பூரில் ஓய்வுபெற்ற வேதியியல் ஆசிரியன். எண்ணைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். 5.8 என்பது எந்த ஒரு செடிக்கும் சொந்தமான எண் அல்ல. மண்ணில்லா வளர்ப்பில் இரும்பு, மாங்கனீசு, துத்தநாகம், பாஸ்பேட் ஆகியவை கரைந்த நிலையில் வேருக்குக் கிடைப்பது ஏறத்தாழ 5.5-இலிருந்து 6.5 வரை. தக்காளிக்கும் குடைமிளகாய்க்கும் இதே வரம்புதான். 5.8-ஆ 6.2-ஆ என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை. 7-க்கு மேல் போய் அங்கேயே உட்கார்ந்துவிட்டால்தான் தொல்லை. பிஎச் மடக்கை அளவு என்பதால் 5.8-க்கும் 7.8-க்கும் அமிலத்தில் நூறு மடங்கு வித்தியாசம்.

இப்போது தம்பியின் சிக்கல். எல்லோரும் தண்ணீரின் பிஎச்சையே பார்க்கிறோம், அதில் கரைந்திருக்கும் பைகார்பனேட்டைப் பார்ப்பதில்லை. பிஎச் 8.1 உள்ள இரண்டு வாளித் தண்ணீர், ஒன்றில் பைகார்பனேட் சொற்பம், இன்னொன்றில் ஏராளம். முதல் வாளி இரண்டு சொட்டு அமிலத்தில் இறங்கி அப்படியே நிற்கும். இரண்டாவது வாளி அமிலத்தைத் தின்றுகொண்டே இருக்கும். வெறும் பிஎச் மீட்டரால் இந்த வித்தியாசத்தைச் சொல்ல முடியாது. மெட்ராஸ் போர் தண்ணீர் பெரும்பாலும் இரண்டாவது ரகம்.

சிட்ரிக் அமிலம் போட்டு இறக்கியது ஏன் நிற்கவில்லை என்பதற்குக் காரணம் இரண்டு. அமிலம் போட்டதும் பைகார்பனேட் கார்பன் டையாக்சைடாக மாறித் தண்ணீரிலேயே கரைந்து நிற்கும், அதுவும் அமிலம்தான், அதனால் உடனே அளந்தால் பிஎச் குறைவாகக் காட்டும். சில மணி நேரத்தில் அது காற்றோடு போய்விடும், பிஎச் ஏறும். பாட்டிலில் அரைவாசி ஊற்றி நன்றாகக் குலுக்கிவிட்டு அளந்து பாருங்கள், அதுதான் உண்மை. அடுத்தது, சிட்ரிக் அமிலம் கரிம அமிலம். பைக்குள் இருக்கும் நுண்ணுயிர்கள் சிட்ரேட்டைத் தின்றுவிட்டுப் பைகார்பனேட்டைத் திரும்பக் கொடுத்துவிடும். எலுமிச்சை, வினிகர், புளித்த மோர் எல்லாவற்றுக்கும் இதே கதை. மீன் அமிலத்தைப் புட்டியில் அளந்தால் பிஎச் குறைவாக இருக்கலாம், நூற்றுக்கு ஒன்று கலந்து ஊற்றும்போது இவ்வளவு பைகார்பனேட்டுக்கு முன்னால் அது எடுபடாது.

கீரைக்கட்டு:
சரி சார், மோரை நானே குடித்துவிடுகிறேன். ஆனால் இந்தப் பைகார்பனேட்டை வீட்டில் எப்படி அளப்பது? லேபுக்குக் கொடுத்து வாங்க எல்லோராலும் முடியுமா?

கொளத்தூர்_கெண்டை:
இது எங்கள் ஏரியா. மீன் தொட்டி வைத்திருப்பவர்களுக்கு இது பல்துலக்குவது மாதிரி. கொளத்தூரில் வண்ணமீன் கடைகள் வரிசையாக இருக்கின்றன, எதிலாவது கேஎச் டெஸ்ட் கிட், ஜிஎச் டெஸ்ட் கிட் இரண்டும் கேளுங்கள். ஐந்து மில்லி தண்ணீரில் சொட்டுச் சொட்டாக விட்டு நிறம் மாறும் வரை எண்ண வேண்டும், பெரும்பாலான கிட்களில் ஒரு சொட்டு ஒரு டிகிரி. கேஎச் என்றால் நீங்கள் சொல்லும் பைகார்பனேட், ஜிஎச் என்றால் கால்சியமும் மக்னீசியமும். ஒரு டிகிரி 17.9 பிபிஎம், கால்சியம் கார்பனேட் கணக்கில். இரண்டையும் எடுத்துப் பாருங்கள், ஒன்று போதும் என்று விட்டுவிடாதீர்கள்.

நார்த்தூள்_பொள்ளாச்சி:
கோகோபீட்டைக் குறை சொல்வதற்கு முன்னால் ஒரு வார்த்தை. பொள்ளாச்சியில் நார் ஆலையில் வேலை பார்த்தவன், இப்போது அம்பத்தூரில். கட்டி வாங்கும்போது கழுவியதா கழுவாததா என்று கேட்டீர்களா? கழுவாத தூளில் பொட்டாசியமும் சோடியமும் நிறைய இருக்கும், உப்புத் தண்ணீரில் ஊறிய மட்டையிலிருந்து வந்தால் இன்னும் மோசம். கழுவினால் வெளியில் ஒட்டியிருக்கும் உப்பு போகும், நாரின் மேல் பிடித்து நிற்கும் சோடியமும் பொட்டாசியமும் வெறும் தண்ணீருக்கு அசையாது. கால்சியம் போட்டால்தான் இடத்தை விட்டு நகரும். அதனால்தான் ஏற்றுமதிக்குப் போகும் சரக்கைக் கால்சியம் நைட்ரேட்டில் ஊறவைத்து மறுபடி கழுவுகிறோம். அதைச் செய்யாத தூளில் நீங்கள் ஊற்றும் கால்சியத்தை முதலில் நார் எடுத்துக்கொள்ளும், செடிக்கு மிச்சம்தான். காயின் அடியில் கறுப்பு வட்டம் அதனாலும் வரலாம்.

ஆனால் தூளின் சொந்த பிஎச் சாதாரணமாக 5.5-க்கும் 6.8-க்கும் நடுவில்தான் இருக்கும். 7.8 வருகிறது என்றால் அதைத் தூள் செய்யவில்லை, உங்கள் தண்ணீர் செய்கிறது.

தக்காளிப்பந்தல்:
கழுவியது என்றுதான் கட்டி மேல் அச்சடித்திருந்தது. ஊறவைத்தபோது கால்சியம் நைட்ரேட் எதுவும் போடவில்லை, வெறும் குழாய்த் தண்ணீர்தான்.

கிட் வாங்கிப் பார்த்துவிட்டேன். கேஎச் 16 சொட்டு. ஜிஎச் முதல் சொட்டிலேயே நிறம் மாறிவிட்டது. கிட் கெட்டுப்போனதா என்று பக்கத்துத் தெரு வீட்டுப் போர் தண்ணீரை வாங்கிப் பார்த்தேன், அதில் கேஎச் 15, ஜிஎச் 22. எனக்கு மட்டும் ஏன் இப்படி?

கொளத்தூர்_கெண்டை:
கிட் கெடவில்லை. உங்கள் அபார்ட்மெண்ட் பம்பு அறையில் போய்ப் பாருங்கள். உப்பு மூட்டை அடுக்கியிருக்கிறதா?

மாடிராணி:
அடடா, சாஃப்ட்னர்!

தக்காளிப்பந்தல்:
போய்ப் பார்த்தேன். இரண்டு பெரிய நீலத் தொட்டி, பக்கத்தில் உப்பு மூட்டை. செக்யூரிட்டி அண்ணன் சொல்கிறார், போர் தண்ணீர் முழுக்க அதன் வழியாகத்தான் மேல்தொட்டிக்கு ஏறுகிறதாம். குளித்தால் சோப்பு போகாமல் வழவழ என்று இருப்பது ஏன் என்று இப்போது புரிகிறது. ஆனால் கடினத்தன்மையை எடுத்துவிட்டால் தண்ணீர் செடிக்கு நல்லதுதானே?

வேதியியல்_வாத்தியார்:
அங்கேதான் விஷயம். சாஃப்ட்னர் தண்ணீரைச் சுத்தம் செய்வதில்லை, பண்டமாற்று செய்கிறது. கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிசினில் பிடித்துக்கொண்டு அந்த இடத்துக்குச் சோடியத்தை அனுப்புகிறது. பைகார்பனேட்டை அது தொடவே தொடாது. அதனால்தான் பக்கத்து வீட்டில் கேஎச் 15, உங்களிடம் 16, கிட்டத்தட்ட ஒன்றே. ஜிஎச் மட்டும் காணாமல் போய்விட்டது. டிடிஎஸ் மீட்டரிலும் பெரிய மாற்றம் தெரியாது.

கணக்குப் போட்டுப் பாருங்கள். 16 டிகிரி என்றால் 286 பிபிஎம், லிட்டருக்கு 5.7 மில்லி ஈக்விவலண்ட் (எவ்வளவு அமிலம் முறிக்கும் என்பதற்கான அலகு). அத்தனை பைகார்பனேட்டுக்கும் ஜோடி சோடியம். பத்து லிட்டர் வாளியில் ஒரு தேக்கரண்டி ஆப்பசோடா கரைத்தால் என்ன வருமோ அதைத்தான் தினமும் தக்காளிக்கு ஊற்றிக்கொண்டிருக்கிறீர்கள். இதை உவமையாகச் சொல்லவில்லை, எடை கணக்கும் கிட்டத்தட்ட அதுதான்.

மே மாத வெயிலில் பை நாளைக்கு இரண்டு மூன்று முறை தண்ணீர் கேட்கும். நீர் ஆவியாகும், செடி நீரை உறிஞ்சும், சோடியமும் பைகார்பனேட்டும் பையிலேயே தங்கும். நாரின் மேல் சோடியம் ஏறிக்கொண்டே போகும். இரும்பு கரையாது, கால்சியம் போதாது, காயின் அடி கறுக்கும். நீங்கள் சொன்ன மூன்று அறிகுறியும் ஒரே குழாயிலிருந்து வருகின்றன.

கீரைக்கட்டு:
எங்கள் அப்பா ஊரில் களர் நிலத்துக்கு ஜிப்சம் அடிப்பார். சோடியத்தை விரட்டக் கால்சியம். அதே கணக்கா சார்?

வேதியியல்_வாத்தியார்:
அதே கணக்கேதான். ஜிப்சம் மெதுவாகக் கரையும், பைக்குக் கால்சியம் நைட்ரேட் சௌகரியம்.

தக்காளிப்பந்தல்:
அப்படியானால் வழி என்ன? சாஃப்ட்னரை நிறுத்தச் சொன்னால் சங்கத்தில் என்னைத்தான் நிறுத்துவார்கள். பாஸ்பாரிக் ஆசிட் வாங்கிப் போட்டால் நிற்குமா? அது கரிம அமிலம் இல்லையே.

வேதியியல்_வாத்தியார்:
பிஎச் நிற்கும். ஆனால் அமிலம் சோடியத்தை எடுக்காது, அது அப்படியே இருக்கும். இன்னொன்று, 5.7-இல் ஏறத்தாழ ஒன்றை மட்டும் மிச்சம் வைத்துவிட்டு மீதியைப் பாஸ்பாரிக் அமிலத்தால் முறிப்பதாக வைத்துக்கொள்வோம். ஒவ்வொரு மில்லி ஈக்விவலண்டும் லிட்டருக்கு 31 மில்லிகிராம் பாஸ்பரஸ் சேர்க்கும். 140-க்கு மேல் போய்விடும். தக்காளிக்கு வேண்டியது அதில் மூன்றில் ஒரு பங்கு. மிச்ச பாஸ்பரஸ் இரும்பையும் துத்தநாகத்தையும் கட்டிப்போடும், மஞ்சளுக்கு மருந்து என்று நினைத்து மஞ்சளைக் கூட்டிக்கொள்வீர்கள். நைட்ரிக் அமிலம் என்றால் மில்லி ஈக்விவலண்டுக்கு 14 மில்லிகிராம் நைட்ரஜன்தான், பெரிய பண்ணைகளில் அதைத்தான் விடுகிறார்கள், ஆனால் அதன் புகையை மாடி வீட்டில் வைத்துப் புழங்க நான் சொல்லமாட்டேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் போட்ட உத்தரவுக்குப் பிறகு ஆசிட் விற்பவர் வாங்குபவரின் அடையாள அட்டையைப் பார்த்துப் பதிவேட்டில் எழுத வேண்டும், எழுதாமல் கொடுக்கும் கடையில் புட்டிக்குள் என்ன இருக்கிறது என்பதற்கும் உத்தரவாதம் கிடையாது. பழைய பேட்டரி ஆசிட், கக்கூஸ் கழுவும் ஆசிட் இரண்டையும் செடிப் பக்கமே கொண்டுபோகாதீர்கள், பேட்டரியில் ஈயம் கலந்திருக்கும்.

மாடிராணி:
சார் சொல்வதற்கு முன்னாலேயே என் பதில் ஒன்றுதான். தண்ணீரை மாற்றுங்கள், ஆசிட்டைக் கூட்டாதீர்கள். மெட்ராஸில் நல்ல தண்ணீர் மூன்று இடத்தில் சும்மா போகிறது. ஏசி தண்ணீர், மழைத் தண்ணீர், எப்போதாவது மிஞ்சும் ஆர்ஓ தண்ணீர். மூன்றிலும் பைகார்பனேட் கிட்டத்தட்ட கிடையாது, சோடியமும் கிடையாது. நம் ஊர்ப் புழுக்கத்துக்கு ஒரு ஏசி ராத்திரி ஓடினால் காலையில் வாளி நிறைந்திருக்கும். நான் ஏசிக் குழாயைப் பால்கனியில் ஒரு டிரம்முக்குள் விட்டுவிட்டேன், வலை கட்டி மூடியிருக்கிறேன், இல்லாவிட்டால் கொசு. ஆர்ஓவிலிருந்து ஒதுக்கும் கழிவுத் தண்ணீரை மட்டும் எடுத்துவிடாதீர்கள், உங்கள் வீட்டில் அது சாஃப்ட்னர் தண்ணீரின் இன்னும் அடர்த்தியான வடிவம்.

சாஃப்ட்னருக்கு முன்னால் பம்பு அறையில் ஒரு குழாய் இருக்கும், தோட்டக்காரர் பிடிப்பதற்கு. அந்தப் போர் தண்ணீரில் கேஎச் 16 இருந்தாலும் கூடவே கால்சியமும் மக்னீசியமும் இருக்கும். அதில் ஒரு பங்கு, ஏசி தண்ணீர் இரண்டு பங்கு.

கொளத்தூர்_கெண்டை:
அப்படிக் கலந்தால் கேஎச் 5-க்கும் 6-க்கும் நடுவில் வரும். கலந்த பிறகு கிட்டை வைத்து ஒருமுறை பாருங்கள், ஒவ்வொரு நாளும் பார்க்க வேண்டியதில்லை. லாரித் தண்ணீர் வரும் நாட்களில் மட்டும் மறுபடி பாருங்கள், லாரிக்கு லாரி கிணறு மாறும்.

வேதியியல்_வாத்தியார்:
மாடிராணி அம்மா சொல்வதற்குக் கணக்கு சேர்க்கிறேன். கலந்த தண்ணீரில் லிட்டருக்கு 2 மில்லி ஈக்விவலண்டுக்குச் சற்றுக் கீழே இருக்கும். அதில் ஒன்றை மட்டும் முறித்தால் போதும், மிச்சத்தைச் செடி பார்த்துக்கொள்ளும். இந்த அளவுக்குப் பாஸ்பாரிக் அமிலம் கச்சிதம். 85 சதவீத அமிலம் என்றால் பத்து லிட்டருக்கு 0.7 மில்லி. அதைச் சிரிஞ்சில் எடுப்பது சிரமம், ஆகவே 90 மில்லி தண்ணீரில் 10 மில்லி அமிலத்தை மெதுவாக விட்டு நீர்த்த கரைசல் செய்து வைத்துக்கொண்டு வாளிக்கு 7 மில்லி. தண்ணீரில் அமிலத்தை விட வேண்டும், அமிலத்தில் தண்ணீரை அல்ல, கையுறையும் கண்ணாடியும் கட்டாயம். அந்த 7 மில்லியிலேயே செடிக்கு வேண்டிய பாஸ்பரஸ் பெரும்பகுதி வந்துவிடுகிறது.

அதனால் 19:19:19-ஐ நிறுத்திவிடலாம். அதில் இருக்கும் நைட்ரஜனில் பாதிக்கு மேல் யூரியா, அது பையில் அமோனியமாக மாறிய பிறகுதான் வேருக்குப் பயன். கால்சியம் நைட்ரேட், 13:0:45 (பொட்டாசியம் நைட்ரேட்), எப்சம் உப்பு, நுண்ணூட்டம் என்று எளிமையாகப் போங்கள். கால்சியம் நைட்ரேட்டையும் எப்சத்தையும் கெட்டியாக ஒரே புட்டியில் கரைக்காதீர்கள், அடியில் வெள்ளையாக ஜிப்சம் படியும்.

நைட்ஷிப்ட்:
ஒரு சந்தேகம் சார். நைட்ரேட் உரம் பிஎச்சை ஏற்றும், அமோனியம் இறக்கும் என்று படித்தேன். அப்படியானால் 19:19:19-ஐ வைத்துக்கொண்டு பிஎச்சை இறக்கலாமே?

வேதியியல்_வாத்தியார்:
நீங்கள் படித்தது சரி. வேர் நைட்ரேட்டை உள்ளே இழுக்கும்போது ஹைட்ராக்சைடையோ பைகார்பனேட்டையோ வெளியே விடும், சுற்றுப்புறம் ஏறும். அமோனியத்தை இழுத்தால் ஹைட்ரஜன் அயனியை விடும், இறங்கும். பைகார்பனேட் கொஞ்சமாக இருக்கும் இடத்தில் இது நல்ல கருவி. மொத்த நைட்ரஜனில் பத்தில் ஒரு பங்கு அமோனியமாக இருந்தால் பிஎச் தன்னால் ஒரு இடத்தில் நிற்கும். ஆனால் வெயில் காலத்தில் மாடியில் பை சுடும்போது, வேருக்கு மூச்சு முட்டும்போது, அமோனியம் அதிகமானால் தக்காளிக்கு ஆகாது, கால்சியம் எடுப்பதையும் கெடுக்கும். காயின் அடி கறுக்கும் செடிக்கு அதைக் கூட்டச் சொல்ல எனக்கு மனமில்லை. டிசம்பரில் வேண்டுமானால் ஒரு சிட்டிகை அமோனியம் சல்பேட் வைத்துப் பார்க்கலாம்.

நார்த்தூள்_பொள்ளாச்சி:
பையில் ஏற்கெனவே ஏறிய சோடியத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லையே. வெறும் நல்ல தண்ணீரை ஊற்றிக் கழுவினால் நாரில் பிடித்தது போகாது என்று முன்பே சொன்னேன். ஏசி தண்ணீரில் லிட்டருக்கு 2 கிராம் கால்சியம் நைட்ரேட் கரைத்து, சாயங்காலம் வெயில் இறங்கிய பிறகு, பை நன்றாக வடியும் வரை ஊற்றுங்கள். ராத்திரி முழுக்க விடுங்கள். காலையில் வழக்கமான உரநீரை ஊற்றி வடியவிடுங்கள். வடிநீரின் ஈசி முதலில் எகிறும், அது வெளியேறும் உப்பு, பயப்பட வேண்டாம். உள்ளே ஊற்றும் ஈசியும் வெளியே வரும் ஈசியும் பக்கத்தில் வரும் வரை இதைத் திருப்பிச் செய்யலாம். சின்ன நாற்றுக்கு இந்த அளவு அதிகம், காய்க்கும் செடிக்குத் தாங்கும்.

அப்புறம் பையை ஒருபோதும் காயவிடாதீர்கள். மண் தொட்டிக்குச் சொல்வது போல மேலே காய்ந்த பிறகு ஊற்றலாம் என்பது கோகோபீட்டுக்குக் கிடையாது, காய்ந்தால் இருக்கிற உப்பு இரண்டு மடங்காகும். கொஞ்சம் கொஞ்சமாகப் பலமுறை, ஒவ்வொரு நாளும் ஊற்றியதில் பத்தில் ஒரு பங்காவது அடியில் வடிய வேண்டும்.

மாடிராணி:
இரும்புக்கு இப்போதே ஏதாவது செய்ய வேண்டும், பிஎச் இறங்கும் வரை துளிர் காத்திருக்காது. நுண்ணூட்டப் பொட்டலத்தைத் திருப்பிப் பாருங்கள் தம்பி, இரும்பு எந்த வடிவம் என்று போட்டிருக்கும். இரும்பைக் கரைந்த நிலையில் பிடித்து வைத்திருக்கும் சேர்மம் இடிடிஏ என்றால், பிஎச் 6.5-ஐத் தாண்டினால் பிடியை விட்டுவிடும். டிடிபிஏ 7 வரை இழுக்கும். இடிடிஎச்ஏ என்று ஒன்று உண்டு, 9 வரை தாங்கும், கரைத்தால் தண்ணீர் செக்கச்செவேல் என்று ஆகும். பெயர் கிட்டத்தட்ட ஒன்றாக இருப்பதால் கடையில் இடிடிஏவைக் கொடுத்து அனுப்பிவிடுவார்கள், எழுத்து எழுத்தாகப் படித்து வாங்குங்கள். அன்னபேதி உப்பை (இரும்பு சல்பேட்) கரைத்து இந்தப் பையில் ஊற்றுவது வீண், காரத் தண்ணீரில் துருவாகப் படிந்துவிடும்.

தக்காளிப்பந்தல்:
நிலவரம் சொல்கிறேன். தோட்டக்காரர் குழாயில் பிடிக்க விட்டார்கள், மாடிக்குத் தூக்குவதுதான் பாடு. இரண்டு ஏசியின் தண்ணீரையும் டிரம்மில் பிடிக்கிறேன். நார்த்தூள் சார் சொன்னபடி கழுவியபோது வடிநீர் ஈசி 4-ஐத் தாண்டியது, இப்போது 2-க்குப் பக்கம். பிஎச் அக்கா சொன்ன முறையில் பிடித்துப் பார்த்தால் 6.4. இடிடிஎச்ஏ ஊற்றியதில் புதுத் துளிர் பச்சையாக வருகிறது. பழைய மஞ்சள் இலை அப்படியே இருக்கிறது, அதை வெட்டிவிடலாமா? குடைமிளகாயில் மட்டும் அடி இலையில் நரம்புக்கு நடுவே வெளுக்கிறது, இது புதுசு.

மாடிராணி:
முழுக்க மஞ்சளான இலை திரும்பப் பச்சையாகாது, ஆனால் பாதிப் பச்சை இருந்தால் விட்டுவையுங்கள், வெயிலுக்குக் காயை மறைக்கும். கறுப்பு வட்டம் விழுந்த காய்களைப் பறித்துவிடுங்கள், அடுத்து வருவதைப் பாருங்கள்.

அடி இலை வெளுப்பது மக்னீசியம். மேல் இலை என்றால் இரும்பு, அடி இலை என்றால் மக்னீசியம், ஏனென்றால் மக்னீசியத்தைச் செடி பழைய இலையிலிருந்து உருவிப் புதுசுக்குக் கொடுக்கும், இரும்பை அப்படி நகர்த்தத் தெரியாது. கால்சியம் நைட்ரேட்டை இவ்வளவு ஊற்றியதால் மக்னீசியம் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறது. எப்சம் உப்பைக் கொஞ்சம் கூட்டுங்கள்.

கீரைக்கட்டு:
மழைக்காலத்தில் இந்த வேலையெல்லாம் வேண்டாம்தானே? ஐப்பசியில் வானமே நல்ல தண்ணீர் ஊற்றுமே.

கொளத்தூர்_கெண்டை:
ஊற்றும், கூடவே உரத்தையும் கழுவிக்கொண்டு போகும். மழை விட்டதும் ஈசி பார்த்தால் 0.5 கூட இருக்காது. மழைத் தண்ணீரைப் பிடிப்பவர்கள் முதல் மழையை விட்டுவிடுங்கள், மாடித் தூசியும் புறா எச்சமும் அதில்தான் வரும். 2003-இலிருந்து எல்லாக் கட்டிடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம் என்பதால் குழாய் ஏற்கெனவே இருக்கும், கீழே போகும் வழியில் ஒரு டிரம் வைத்தால் போதும்.

வேதியியல்_வாத்தியார்:
மழைத் தண்ணீரையோ ஏசி தண்ணீரையோ மட்டும் தனியாக ஊற்றும்போது அமிலம் சேர்க்காதீர்கள். அதில் தாங்குவதற்கு ஒன்றுமில்லை, ஒரு சொட்டில் 4-க்குப் போய்விடும். அந்த நாட்களில் பாஸ்பரஸுக்கு 0:52:34 (மோனோ பொட்டாசியம் பாஸ்பேட்) கொஞ்சம் போட்டுக்கொள்ளுங்கள், கால்சியமும் மக்னீசியமும் முழு அளவு உரத்திலிருந்தே வர வேண்டும்.

தக்காளிப்பந்தல்:
சரி சார். அடுத்த முறைக்குப் புதுக் கட்டி வாங்கி வைத்திருக்கிறேன், ஐந்து கிலோ. ஊறவைக்கும்போதே கால்சியம் நைட்ரேட் போட்டுவிடவா?

நார்த்தூள்_பொள்ளாச்சி:
முதலில் வெறும் தண்ணீரில் உதிர்த்து ஒருமுறை வடித்துவிடுங்கள், அப்புறம் கால்சியம் நைட்ரேட்டில் ஒரு ராத்திரி. சாஃப்ட்னர் குழாய்ப் பக்கம் போகாதீர்கள். ஐந்து கிலோ கட்டி அறுபது எழுபது லிட்டர் தூளாக விரியும், குளியலறையில் உதிர்த்தால் வீட்டில் திட்டு விழும், மாடியிலேயே வைத்துச் செய்யுங்கள்.